தலைக்கு மேல் கொஞ்சம் இடம்

வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருக்கும் நேரத்தில் தையல்காரம்மாவிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. பேசினால் பதில் வராது. வந்தால் ஊசியோடு வரும். இது தெரிந்தும் அவள் கணவர் அன்று காலை கடைக்குள் நுழைந்து, வெட்டுமேசைக்கு அந்தப் பக்கம் நின்று தொண்டையைக் கனைத்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க ஊரார் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதருக்கு, சொந்தச் செய்தி ஒன்று என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"நம்ம கல்யாண போட்டோ வேணுமாம்," என்றார்.

அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தோளில் தைத்திருந்த பஞ்சுப் பொட்டலத்தில் குத்தினாள். அவசரமே படவில்லை.

"நம்ம கல்யாணத்துக்கு போட்டோ எங்க இருக்கு?"

"அதான்... அண்ணன் எடுத்தாரே."

"அதுல இருக்கறது மண்டபத்தோட கல்யாணம். நாம சாட்சிக்குப் போயிருக்கோம்."

"அதைத்தான் கேக்கறாங்க," என்றார் தபால்காரர், முதல்முறையாக ஒரு சண்டையில் தன் பக்கம் நியாயம் இருப்பதைக் கண்ட உற்சாகத்தில். "அவங்களுக்கு மண்டபம்தான் வேணுமாம்."

கேட்டவர்கள் நகர மண்டபத்தின் சீரமைப்புக் குழுவினர். மண்டபம் எரிந்த கதையை ஊரில் யாரும் வெளியாட்களிடம் முழுதாகச் சொல்வதில்லை. கௌரவக் குறைச்சல். தீத்தடுப்பு வார நிறைவு விழாவுக்கு மேடையில் தொங்கவிட்ட அலங்கார விளக்குகளின் ஒயரில்தான் தீ பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் சால்வைக்குக் காத்திருந்தார்கள். தீயணைப்பு வண்டியும் வாசலிலேயே நின்றது. குழந்தைகள் ஏறி விளையாடுவதற்காகக் கொண்டுவந்த வண்டி என்பதால் பாரம் வேண்டாமென்று தண்ணீரை இறக்கிவிட்டிருந்தார்கள். தெருவில் நின்று பார்த்த கூட்டத்தில் தையல்காரம்மாவும் இருந்தாள். கூரை உள்ளே சரிந்தபோது பக்கத்தில் நின்ற ஒருவர், தான் அந்த மேடையில் பேச்சுப்போட்டியில் வாங்கிய மூன்றாம் பரிசைப் பற்றிச் சொல்லி அழுதார். ஆளுக்கு ஒன்று அங்கே எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு எது என்று அப்போது பிடிபடவில்லை. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சுவர்கள் நின்றன. போனது மரக்கூரையும், அதன் நடுவில் வட்டமாக எழுதியிருந்த பறவை ஓவியமும். அதை இருந்தபடியே திரும்ப எழுத வேண்டும் என்று முடிவானது. எப்படி இருந்தது என்று யோசித்தபோதுதான், ஊரில் எவருக்கும் தெரியவில்லை என்பது தெரியவந்தது. மண்டபத்தின் வரலாற்றைக் கனமான புத்தகமாக எழுதி வைத்திருந்தார் குழுவின் தலைவர். அதில் அங்கே பேசிய பிரமுகர்களின் பட்டியல் இருந்தது. பேச வருவதாகச் சொல்லி வராமல் போனவர்களின் பட்டியல்கூட இருந்தது. கூரைக்கு ஒரு வரி: 'நம் நகரின் பெருமிதச் சின்னமாம் அன்னங்கள் மேலே வட்டமிடுகின்றன.' தலைவர் நடத்திவந்த சங்கத்தின் பெயரே அன்னம் மன்றம்தான். கடிதத் தாளிலும் முத்திரையிலும் நீள்கழுத்து அன்னம் ஒன்று, பாலையும் நீரையும் பிரித்த களைப்பில் கண்மூடியிருக்கும்.

புகைப்படங்கள் கேட்டு அறிவிப்பு வந்தது. ஊரே பீரோவைக் குடைந்து எடுத்துக்கொண்டு வந்தது. பரிசளிப்பு விழா, பிரிவு உபசாரம், கல்யாணம், காது கேளாதோர் தினம், எல்லாம் வந்தன. கூரைதான் வரவில்லை. ஊரின் நல்ல புகைப்படக்காரர்கள் எல்லாரும் நல்ல புகைப்படக்காரர்களாக இருந்து தொலைத்திருந்தார்கள். முகம், முகம், முகம். ஒருத்தராவது கை தவறி மேலே ஒரு படம் எடுத்திருக்கக் கூடாதா என்று குழுவினர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் யாரோ சொன்னார்கள்: "ஆகாசம் எடுத்த படம் எதாவது கெடைக்குமான்னு பாருங்களேன்."

ஆகாசம் என்பது தபால்காரரின் அண்ணனுக்கு ஊர் வைத்த பெயர். இளவயதில் பெரிய ஸ்டூடியோ ஒன்றில் தொழில் கற்கப் போனவர், முதல் நாள் முதலாளி சொன்ன முதல் பாடத்தோடு படிப்பு முடிந்ததாகக் கருதி ஊர் திரும்பி, சொந்தக் கடை போட்டார். அந்தப் பாடம் இதுதான்: தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட வேண்டும். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று முதலாளி சொல்லவில்லை, மாணவரும் கேட்கவில்லை. கை தாராளமான மனிதர், தாராளமாகவே விட்டார். அவர் எடுத்த பரிசளிப்பு விழாவில் கோப்பை மட்டும் அந்தரத்தில் நிற்கும். சிறப்பு விருந்தினர் என்றால் வழுக்கையின் மேல்பாதி. "ஆகாசம் எடுத்ததா? அடியில தேடிப் பாரு, நீ இருப்பே," என்று ஊர் சொல்லிச் சிரித்தது. தன் பார்வை உயர்ந்தது என்பதால் வந்த பட்டப்பெயர் அது என்று அவர் நினைத்திருந்தார். அப்படி இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அவ்வளவு நல்ல மனிதர்.

ஊர் அவர் படங்களை மரியாதைக்காகக் கொஞ்ச நாள் வைத்திருந்து பிறகு தொலைத்திருந்தது. அவரிடமிருந்த நெகட்டிவ்களை ஈரம் தின்றுவிட்டது. மிஞ்சியது தம்பி வீட்டில் இருந்த ஒன்றுதான்.

தையல்காரம்மா அதைச் சுவரில் மாட்டியதே இல்லை. பெட்டியின் அடியில், விரித்த தாளுக்கும் கீழே கிடந்தது. படத்தின் முக்கால் பாகம் மண்டபக் கூரை. அடிவிளிம்பில், கரையொதுங்கிய இரண்டு தேங்காய் மூடிகளைப் போல, இரண்டு நெற்றிகள். அவருடையது புருவம் வரை. அவளுடையது புருவம்கூட இல்லை. அன்று காலை எவ்வளவு தண்ணீர் தொட்டு வாரியும் படியாத ஒரு முடிச்சுருள் மட்டும் நெற்றியில் இறங்கியிருந்தது. பதிவு அலுவலகம் மண்டபத்தின் பக்க அறையில் இருந்தது. கையெழுத்துப் போட்ட ஈரத்தோடு நடுக்கூடத்துக்கு வந்து நின்றார்கள். வேறு புகைப்படக்காரர் வேண்டாம், அண்ணன் இருக்கிறார் என்றார்கள். புது மருமகள், என்ன சொல்வாள்? கல்யாணத்தன்று தான் எப்படி இருந்தோம் என்பது அவளுக்குத் தெரியாமலே போனது. வயது ஏற ஏற, கண்ணாடியில் தெரிந்த முகத்தோடு ஒப்பிடுவதற்கு வேறொரு முகம் இல்லாத குறை ஏறிக்கொண்டே வந்தது. ஆகாசம் அத்தான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் காபி கொடுப்பாள், உட்காரச் சொல்வாள், பேச்சை மட்டும் அளந்து வெட்டுவாள்.

மறுநாள் தலைவரும், சீரமைப்புக்காக வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணரும் கடைக்கே வந்தார்கள். நிபுணர் இளவயதுக்காரி, எந்நேரமும் சட்டையில் சுண்ணாம்புத் தூள். படத்தின்மேல் பூதக்கண்ணாடியை வைத்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு, "கெடச்சிருச்சு சார். ஒவ்வொரு இறகும் தெரியுது," என்றாள்.

"அன்னம்தானே?" என்றார் தலைவர், மேல்துண்டைச் சரிசெய்துகொண்டே.

"வாத்து."

தலைவர் கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தார். குண்டுக் குண்டு வாத்துகள், ஒன்றன் வாலை ஒன்று அலகால் பிடித்துக்கொண்டு வட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் வாலை விட்டுவிட்டு, வேறெங்கோ வேடிக்கை பார்த்தது.

"கொஞ்சம் மெலிய வெச்சு வரைஞ்சா அன்னம் மாதிரி வராதா?"

"மெலிஞ்ச வாத்து மாதிரி வரும் சார்."

தலைவர் உட்கார ஸ்டூல் தேடினார். மன்றத்தின் பெயர்ப்பலகை, கடிதத் தாள், முத்திரை எல்லாம் அவர் கண்முன்னே ஒருமுறை குவாக் என்று கத்தியிருக்க வேண்டும். ஆனாலும் மேடைப் பேச்சில் பழுத்தவர், எழுந்தபோது தெளிந்திருந்தார். "வாத்துன்னாலும் நம்ம வாத்து. தண்ணியில போனாலும் ஒட்டாத பறவை. பற்றற்ற வாழ்க்கைக்கு அடையாளம்," என்றார். பிறகு, அந்தப் படத்தைச் சுவரளவு பெரிதாக்கி மண்டப வாசலில் நிரந்தரமாக வைக்கப்போவதாக அறிவித்தார். "கீழ இருக்கற இதை மட்டும் எடுத்துரலாம்."

"எதை?" என்றாள் தையல்காரம்மா.

"இந்த ரெண்டு நெத்தியை. பாக்கறவங்க கவனம் கூரையை விட்டுச் சிதறும் பாருங்க. ஒரு கோடு போட்டு வெட்டிட்டா சுத்தமா இருக்கும்."

அவள் மேசையிலிருந்த படத்தை எடுத்தாள். உறையில் போட்டாள். உறையைக் கடையிலிருந்த துணிப்பெட்டியில் வைத்துப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"தர முடியாதுங்க," என்றாள்.

ஊருக்குள் பேச்சு கிளம்பியது: தையல்காரம்மா நெற்றிக்காக மண்டபத்தையே நிறுத்திவைத்திருக்கிறாள். சாரத்தின்மேல் ஓவியர்கள் சும்மா உட்கார்ந்து கால் ஆட்டினார்கள். பிளவுஸ் வாங்க வந்தவர்கள், துணியைப் பிரித்துப் பார்ப்பதுபோல அவள் நெற்றியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தபால்காரர் சமாதானத்துக்கு வந்தார்.

"இத்தனை வருஷமா அது ஒரு படமான்னு கேட்டது நீதானே?"

"ஆமா."

"இப்ப அதுல இருக்கற நெத்திக்குச் சண்டை போடறியே?"

"இருக்கறதே அவ்வளவுதானே," என்றாள்.

அன்று மத்தியானமே, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். இப்போது முன்மண்டையே நெற்றியாகிவிட்ட கணவருக்கு, அந்தப் படத்தில் சீப்பு ஒடியும் அடர்த்தியில் முடி. உலகத்தில் வேறெங்கும் இல்லாத முடி. இரண்டு நெற்றிகளும் ஒன்றையொன்று நோக்கி லேசாகச் சாய்ந்திருந்தன. ஏன் என்று அவளுக்குத் தெரியும். படம் எடுத்த அந்த நொடியில் அவர், "பயமா இருக்கா?" என்று கேட்டார். அவள், "உங்களுக்கு?" என்றாள். கேட்ட வாயும் சொன்ன வாயும் படத்தில் இல்லை. சாய்வு மட்டும் இருந்தது. துணி வெட்டுகிறவளுக்குத் தெரியும்: தையலுக்கென்று விளிம்பில் விடும் துணி வெளியே தெரியாது, ஆனால் சட்டை அதில்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இதற்கிடையில் ஆகாசம் பெரிய மனிதராகியிருந்தார். திறப்பு விழாவில் அவருக்குப் பாராட்டு என்று முடிவானது. 'வருங்காலத்தை முன்கூட்டியே உணர்ந்து கூரையைப் பதிவு செய்த தொலைநோக்காளர்' என்று அழைப்பிதழில் போட்டார்கள். தெருவில் நடக்கும்போது கட்டடங்களின் உச்சியை நின்று நின்று பார்த்தார். "தீ பிடிக்கும்னு அப்பவே தெரியுமா?" என்று கேட்டவர்களிடம், இல்லை என்று சொல்ல ஆரம்பித்து, ஆமாம் என்று முடித்தார். விழாவுக்கு ஒரு கோட் வேண்டியிருந்தது. தம்பி மனைவி இருக்கும்போது வேறு கடைக்குப் போவாரா?

அரைகுறையாக இழையோட்டிய கோட்டைப் போட்டுப் பார்க்க அவர் வந்த அன்றுதான் அது நடந்தது. ஒரு கை பொருத்தியிருந்தது. இன்னொரு கை மேசைமேல் கிடந்தது. முதுகில் சுண்ணக்கட்டிக் கோடுகள்.

"உயரத்துல கொஞ்சம் தாராளமா விடும்மா," என்றார்.

"தலைக்கு மேலயும் விடணுமா அத்தான்?"

அவர் ரசித்துச் சிரித்தார். குத்தியது உறைக்கவில்லை. அவள் தோளளவு எடுக்கப் பின்னால் போனாள். முகத்துக்கு நேரே பேச முடியாத சிலவற்றை முதுகுக்குப் பேசலாம் என்று இத்தனை காலம் சேர்த்துவைத்த சொற்களை எல்லாம் வாய்க்குள் அடுக்கினாள். அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணு கேக்கணும்மா. தப்பா எடுத்துக்காதே. நான் எடுத்ததுலயே அதுதான் நல்ல படம். தம்பி கல்யாணமாச்சே, ஒழுங்கா வரணும்னு முட்டி போட்டு எடுத்தேன். வேற யாருக்கும் நான் முட்டி போட்டதில்ல. உங்க வீட்டுக்கு வர்றப்பல்லாம் செவுத்தைப் பாப்பேன். காலண்டர் இருக்கும், கடிகாரம் இருக்கும். படம் இருக்காது. சரி, பிடிக்கல போலன்னு விட்டுட்டேன். ஆனா மனசுல ஒரு இது... இருந்துக்கிட்டே இருந்துச்சு."

நாடாவின் ஒரு முனை அவர் தோளில் இருந்தது. மறுமுனையைப் பிடித்தபடி அவள் நின்றாள். முட்டி போட்டதால்தான் கூரை இன்னும் கூடுதலாக விழுந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கறை எடுத்து, ஆசையாகப் பார்த்துப் பார்த்து, அவள் முகத்தை விட்டுவிட்டார். அவள் காபி டம்ளரைக் கொஞ்சம் ஓசையோடு வைத்த ஒவ்வொரு முறையும் இந்த மனிதர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஆணி எறங்கல அத்தான்," என்றாள். "அந்த செவுரு அப்படி."

"அட, அவ்வளவுதானா!" அவர் தோள்கள் சட்டென்று இறங்கியதில் அளவே மாறிப்போனது. "நான் வேற என்னென்னமோ நெனச்சுட்டேன். சரி, படத்தைக் குடுத்துட்டியா?"

"இல்ல. எங்க ரெண்டு பேரையும் வெட்டிட்டுக் கூரையை மட்டும் வெப்பாங்களாம்."

"என்னது?"

திரும்பிய வேகத்தில் இழைகள் படபடவென்று அறுந்தன. "கோட்டைக் கழட்டுங்க அத்தான், ஊசி இருக்கு!" என்று அவள் கத்துவதற்குள் அவர் தெருவில் இறங்கிவிட்டார். ஒரு கை உள்ள கோட்டோடு, முதுகெல்லாம் வெள்ளைக் கோடுகளோடு, கடைத்தெரு வழியாக மண்டபத்தை நோக்கி அவர் நடந்ததைப் பார்த்தவர்கள், தொலைநோக்காளர்கள் இப்படித்தான் உடுத்துவார்கள் போலும் என்று வழிவிட்டார்கள். படம் இருந்த உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கழுத்தில் நாடா தொங்க, அவள் பின்னால் ஓடினாள்.

சாரத்தின் அடியில் தலைவர் யாருக்கோ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். நிபுணர் ஏணியில் பாதி உயரத்தில் இருந்தாள்.

"என் படத்தை வெட்டப் போறீங்களாமே?" என்றார் ஆகாசம்.

"வெட்டறதுன்னு இல்லீங்க. உங்க கலையை இன்னும் எடுப்பா..."

"யோவ், நான் தொழில்ல கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. தலைக்கு மேல எடம் விடணும். வாழ்க்கை பூரா விட்டேன். இப்ப நீங்க தலையை எடுத்துட்டா, அந்த எடம் யார் தலைக்கு மேல இருக்கு?"

தலைவர் வாயைத் திறந்தார். எந்தத் தலைப்பிலும் பேசக்கூடியவர். இந்தத் தலைப்பில் குறிப்பு இல்லை. மேலே உட்கார்ந்திருந்த ஓவியர்களில் ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

"நான் கூரையை எடுக்கலய்யா," என்றார் ஆகாசம். குரல் இறங்கியிருந்தது. "எனக்கு எந்தத் தீயும் தெரியாது. என் தம்பியையும் அந்தப் பொண்ணையும் எடுத்தேன். அவங்க இல்லேன்னா அது என் படம் இல்ல. பாராட்டும் வேணாம்."

ஏணியிலிருந்து நிபுணர் இறங்கி வந்தாள். "ஆள் இருந்தாத்தானே சார் அது மண்டபம்? இல்லேன்னா வெறும் மரம்," என்றாள். "படம் முழுசாவே இருக்கட்டும்."

"இருக்கட்டும், இருக்கட்டும். ஆனா பாருங்க," என்றார் தலைவர், கடைசிக் கோட்டையை விடாமல், "பாக்கற ஜனங்க இது யாரு நெத்தின்னு கேட்டா என்ன பதில் சொல்றது?"

மூச்சு வாங்க வந்து நின்ற தையல்காரம்மா உறையை நிபுணரின் கையில் கொடுத்தாள்.

"எங்களுதுன்னு சொல்லுங்க," என்றாள்.

திறப்பு விழாவில் தலைவர் வாத்தின் மேன்மைகளை எடுத்துரைத்தார். வேடிக்கை பார்க்கும் அந்த ஒற்றை வாத்து, சுதந்திரச் சிந்தனையின் குறியீடு என்பதைக் கூட்டம் அவர் வாயால் அறிந்தது. வாசலில் சுவரளவு படம் இருந்தது. உள்ளே வருகிற எல்லாரும் அண்ணாந்து வாத்துகளைப் பார்த்துவிட்டு, குனிந்து நெற்றிகளைப் பார்த்தார்கள். யாரோ ஒரு குழந்தை அந்தச் சுருளை விரலால் தொட்டுப் பார்த்தது. தபால்காரர் அந்தப் பக்கம் போகிற சாக்கில் திரும்பத் திரும்பப் போய், தன் முடியைப் பார்த்துவிட்டு வந்தார்.

கூட்டம் கலைந்து, நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியபோது, இரண்டு கைகளும் உள்ள கோட்டில், ஆகாசம் அவர்களைத் தேடி வந்தார். கையில் யாரிடமோ இரவல் வாங்கிய கைப்பேசி.

"ரெண்டு பேரும் நடுவுல நில்லுங்க. ஒண்ணு எடுத்துர்றேன்."

"இப்ப எதுக்குண்ணே?" என்றார் தபால்காரர், மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"நில்லுங்களேன்," என்றாள் அவள்.

நின்றார்கள். புது வர்ணத்தின் வாசனை இன்னும் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஆகாசம் ஒரு கண்ணைச் சுருக்கினார். கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்தார். பிறகு, அவர் அறியாமலே, ஏதோ ஒன்று உள்ளிருந்து தூக்குவதுபோல, அவர் முழங்கைகள் மெல்ல மேலே எழும்பத் தொடங்கின. நெஞ்சு. தோள். இன்னும் மேலே. கைப்பேசி கூரையைப் பார்த்துச் சாய்ந்துகொண்டே போயிற்று.

சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். எதிரே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்தபடி நின்ற அந்த முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். கணவரின் தோளை இறுகப் பிடித்தாள். கால்விரல்களை ஊன்றினாள். குதிகால்கள் தரையை விட்டு எழுந்தன. என்ன ஏது என்று கேட்காமல் தபால்காரரும் எழும்பினார். முழங்கைகள் உயர உயர, வயதான இரண்டு பேரும் ஒருவரையொருவர் பற்றியபடி, தள்ளாடித் தள்ளாடி, கழுத்தை எட்டிய மட்டும் நீட்டி, குண்டு வாத்துகளை நோக்கி உயர்ந்துகொண்டிருந்தார்கள்.